கீழே இறங்கும் முன்: நீலகிரியில் குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதிகளுக்கு

"என்ன, விசேஷம் ஏதும் உண்டா?" என்று கல்யாண வீட்டில் ஒருவர் கேட்கும்போது, அந்த நொடியில் பதில் யோசிக்க முடியாது. ரிசல்ட் சரியில்லை என்று போன் வரும்போதும் அப்படித்தான். இன்னொரு சிகிச்சைச் சுழற்சிக்கு நகையை அடகு வைக்கலாமா என்ற பேச்சு எழும்போதும் அப்படித்தான். மனசு கலங்கிக் கிடக்கும் நாளில் எடுக்கிற முடிவு பாதி நேரம் சண்டையில் போய் நிற்கும். அதனால் இங்கே சொல்வதெல்லாம் ஒரே வேலையின் கிளைகள்: கெட்ட நாளில் என்ன செய்வது என்பதை நல்ல நாளிலேயே இருவரும் பேசி, ஒரு நோட்டில் எழுதி வைத்துவிடுவது. "டென்ஷன் ஆகாம இருந்தா தானா நிக்கும்" என்ற ஆறுதலை எதிர்பார்க்க வேண்டாம். அடைபட்ட கருக்குழாய் டென்ஷன் இல்லாமல் இருந்தால் திறந்துகொள்ளாது.

ஆணுக்கும் முதல் நாளே சோதனை

தடுப்பு எதுவும் இல்லாமல் ஓராண்டு சேர்ந்திருந்தும் கரு நிற்கவில்லை என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பெண்ணுக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே போகலாம். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாதவிடாய் வருகிறவர்களும், விதைப்பையில் அறுவை செய்துகொண்ட ஆண்களும் அதுவரைகூடக் காத்திருக்கத் தேவையில்லை.

நடப்பது வேறு. மனைவிக்கு இரண்டு வருடம் ஸ்கேன், ஹார்மோன் பரிசோதனை, கருக்குழாய் எக்ஸ்ரே எல்லாம் முடிந்த பிறகுதான் கணவரின் விந்துப் பரிசோதனைக்கு வேளை வருகிறது. குழந்தை தள்ளிப்போகும் தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது. இருப்பதிலேயே செலவு குறைந்த, வலியில்லாத சோதனையும் அதுதான். அதைக் கடைசிக்குத் தள்ளும் வீட்டில் அந்த இரண்டு வருடப் பழியும் பெண் தலையில் விழுகிறது. பிறகு ரிப்போர்ட் வந்தாலும் அது இறங்குவதில்லை.

சோதனைக்கு முன் 2 முதல் 7 நாள் விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும். மாதிரியை வீட்டில் எடுத்தால் அரை மணியில், அதிகம் போனால் ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். வழியில் அது உடம்புச் சூட்டிலேயே இருக்க வேண்டும். ஊட்டியில் ஜனவரிக் காலையில் டப்பாவை பைக் பெட்டியில் போட்டுக் கொண்டுபோனால், குளிரில் அணுக்களின் அசைவு மந்தமாகி, இல்லாத குறையை ரிப்போர்ட் காட்டும். ஸ்வெட்டருக்குள், வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொண்டு போங்கள். மஞ்சூர், பந்தலூர் போலத் தொலைவில் இருப்பவர்கள் வீட்டில் எடுக்கும் யோசனையையே விட்டுவிட்டு ஆய்வகத்திலேயே கொடுப்பது நல்லது.

ரிப்போர்ட்டில் உள்ள எண்ணை ஆண்மைக்குப் போட்ட மார்க்காகப் படிக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் ஒரு மில்லிக்கு 1.6 கோடி அணுக்கள் என்று ஒரு கீழ்வரம்பு இருக்கிறது. அது குழந்தை பெற்ற ஆண்களை அளந்து எடுத்த எண். அவர்களிலேயே நூற்றுக்கு ஐந்து பேருக்கு அதைவிடக் குறைவாக இருந்தது. கடும் காய்ச்சல் ஒன்று வந்து போனாலும் எண்ணிக்கை சில வாரம் சாயும். ஓர் அணு உருவாகி முடிய சுமார் இரண்டரை மாதம் ஆகும் என்பதால், பீடி, சிகரெட், குடி நிறுத்தியதன் பலனும் மூன்று மாதம் கழித்தே தெரியும். பத்து நாளில் மறுபடி சோதித்துப் பார்த்து உடைந்துபோவது வீண்.

இன்னொன்று, வெளியே யாரும் பேசாதது. சிகிச்சை நாளன்று கிளினிக் அறையில் மாதிரி தர முடியாமல் போவது பல ஆண்களுக்கு நடக்கிறது. மூன்று மணி நேரப் பயணம், கதவுக்கு வெளியே காத்திருக்கும் நர்ஸ், மனைவி உள்ளே மயக்க மருந்துக்குத் தயாராக இருக்கிறாள் என்ற நினைப்பு எல்லாம் சேர்ந்து உடம்பு மறுத்துவிடும். ஒரு மாதம் முன்பே ஒரு மாதிரியைக் கொடுத்து உறைநிலையில் வைக்கச் சொல்லுங்கள். அன்று அது தேவைப்படாமலே போகலாம். ஆனால் அது இருக்கிறது என்ற நிம்மதியிலேயே பலருக்குச் சிக்கல் வராது.

கீழே போகும் நாட்கள்

சிகிச்சைக்காகக் கீழே இறங்கினால், ஊட்டியிலிருந்து கோவைக்கு 86 கிலோமீட்டர்தான். ஆனால் போக மூன்று மணி, வர அதைவிட அதிகம், நடுவில் கிளினிக் பெஞ்சில் நான்கு மணி. விந்தணுக்களைக் கருப்பைக்குள் செலுத்தும் ஐயூஐ சுழற்சிக்கு மூன்று நான்கு முறை இறங்க வேண்டிவரும். முட்டையை வெளியே எடுத்து ஆய்வகத்தில் கருவாக்கும் ஐவிஎஃப் என்றால் ஊசி போடும் 10, 12 நாளுக்குள்ளேயே நான்கைந்து ஸ்கேன். கூடலூர்க்காரர்களுக்கு ஒவ்வொன்றும் ஒரு முழு நாள். தம்பதிகள் களைத்துப்போவது பாதிக்குப் பாதி இந்த அலைச்சலால்தான்.

முதல் சந்திப்பிலேயே மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள். நடு ஸ்கேன்களை ஊட்டியிலோ குன்னூரிலோ எடுத்து அனுப்பினால் ஏற்பீர்களா? எந்தெந்த நாளில் இருவரும் கட்டாயம் வர வேண்டும்? இரவில் வயிறு உப்பி, மூச்சு முட்டி, சிறுநீர் குறைந்தால் யாரைக் கூப்பிடுவது, மலையிலேயே எந்த மருத்துவமனைக்குப் போவது? முட்டை வளர்க்கும் ஊசிகளுக்குச் சில பெண்களுக்கு இப்படி ஆகும். அது அவசரம், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இடமும் எண்ணும் நோட்டில் இருந்தால் இரவு இரண்டு மணிக்குத் தடுமாற வேண்டியதில்லை.

சாலையை நம்பாதீர்கள். கோடை சீசனில் ஏறும் வண்டிகள் குன்னூர் வழி, இறங்கும் வண்டிகள் கோத்தகிரி வழி என்று திருப்பிவிடுவார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மண்சரிவில் குன்னூர் மலைப்பாதை அடைபடுவது புதிதல்ல. முட்டை எடுப்பதற்கு 36 மணி நேரம் முன்பு, முட்டையை முதிரவைக்கும் 'டிரிகர்' ஊசி போட வேண்டும். திங்கள் இரவு 10 மணிக்குப் போட்டால் புதன் காலை 10 மணிக்கு எடுப்பார்கள். அந்த நேரம் ஒரு மரத்துக்காகவோ ஒரு பாறைக்காகவோ நிற்காது. செவ்வாய் மாலையே மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ தங்கிவிடுங்கள். லாட்ஜ் வாடகையையும் சிகிச்சைச் செலவில் முதலிலேயே சேர்த்து எழுதுங்கள்.

ஊசி மருந்துகளில் பல 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியவை. ஐஸ் பொட்டலத்தை மருந்தோடு நேரே ஒட்டி வைத்தால் மருந்து உறைந்து கெடும், நடுவில் ஒரு துண்டைச் சுற்றுங்கள். வீட்டுப் பிரிட்ஜில் பின்சுவரை ஒட்டியோ ஃப்ரீசருக்கு அடியிலோ வைக்க வேண்டாம். உறைபனி விழும் இரவில் ஜன்னல் ஓரமும் ஆகாது.

ஐவிஎஃப்பில் உருவான கருவைக் கருப்பைக்குள் வைத்த பிறகு மலை ஏறலாமா என்பதுதான் நம் ஊரில் எல்லாரும் கேட்கும் கேள்வி. ஏறலாம். கொண்டை ஊசி வளைவில் பஸ் குலுங்கினால் கரு நழுவி விழாது. கருப்பையின் இரு சுவர்களும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், கரு அதற்கு நடுவில் இருக்கிறது. அசையாமல் படுத்துக் கிடப்பதால் கரு நிற்கும் வாய்ப்பு கூடுவதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதைக் கணவரும் மாமியாரும் டாக்டர் வாயாலேயே கேட்பது முக்கியம். இல்லாவிட்டால் நிற்காத மாதத்தில், "அன்னிக்கு அந்த பஸ்ல வந்ததுதான்" என்ற சொல் வீட்டுக்குள் நுழைந்துவிடும். பிறகு அதை வெளியே அனுப்ப முடியாது.

கேட்பவர்களுக்கு என்ன சொல்வது

யாருக்கு எவ்வளவு தெரியலாம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எல்லாம் தெரிந்தவர் இரண்டு பேர் போதும், கணவர் பக்கம் ஒருவர், மனைவி பக்கம் ஒருவர். சிகிச்சை நடக்கிறது என்று மட்டும் தெரிந்தவர்கள் இன்னும் நான்கைந்து பேர். மற்றவர்களுக்கு ஒன்றும் வேண்டாம். எந்தத் தேதியில் ரிசல்ட் என்பதை அந்த இரண்டு பேரைத் தவிர யாருக்கும் சொல்லாதீர்கள். சொன்னால் அன்று மாலை பத்து போன் வரும், பத்து முறை "இல்லை" என்று சொல்ல வேண்டிவரும்.

கணவர் வீட்டாருக்குப் பதில் சொல்வது கணவர் வேலை, மனைவி வீட்டாருக்கு மனைவி. இந்த ஒரு விதியை மீறும் இடத்தில்தான் பெரும்பாலான வீடுகளில் விரிசல் விழுகிறது. மாமியார் மருமகளிடம் கேட்டால், "அவரே சொல்லுவார் அத்தை" என்று நிறுத்திக்கொள்ளலாம். அதற்குப் பிறகு அவர் உண்மையாகவே சொல்ல வேண்டும். ஹாலில் டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் விதி அன்றோடு செத்தது.

வெளியாருக்கு மூன்று வாக்கியம் தயாராக இருக்கட்டும். வாய்விட்டு இரண்டு மூன்று முறை சொல்லிப் பழகுங்கள். அன்பானவருக்கு: "பார்த்துக்கிட்டுதான் இருக்கோம் சித்தி, நல்ல சேதின்னா உங்ககிட்ட சொல்லாம இருப்போமா?" கிண்டுகிறவருக்கு: "டாக்டர் பார்க்கறார்ணா. அதை விடுங்க, உங்க தோட்டத்துல இப்ப கேரட் என்ன விலை போகுது?" கேரட் விலையைக் கேட்டால் நீலகிரியில் யாரும் பேச்சை மாற்றாமல் இருக்க மாட்டார்கள். வரம்பு மீறுகிறவருக்கு ஒரே வரி: "இதைப் பத்திப் பேச வேண்டாங்க." அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. விளக்கத் தொடங்கினால் அது விவாதம் ஆகும்.

வளைகாப்புக்குப் போவதா வேண்டாமா? தாராளமாகப் போகாமல் இருக்கலாம். முறையை முன்னாலேயே செய்துவிடுங்கள், சேலையும் வளையலும் முதல் வாரமே கொடுத்து அனுப்புங்கள். போவதானால் சாப்பாட்டு நேரத்துக்குப் போய், திரும்பும் பஸ் நேரத்தை வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். குழந்தை இல்லாதவள் வளையல் அடுக்கக் கூடாது என்று ஒதுக்கும் வீடு இன்னும் உண்டு. அங்கே போய் ஓரமாக நிற்கும் கடமை யாருக்கும் இல்லை. கோயில் நேர்த்தி, விரதம் எதுவும் சிகிச்சைக்குக் குறுக்கே வராது. ஆனால் நீண்ட பட்டினியும், இன்னதென்று தெரியாத லேகியமும் ஊசி போடும் நாட்களில் வேண்டாம். வேர், சூரணம் எது சாப்பிட்டாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

உங்கள் இருவருக்குள்

இந்தப் பேச்சுக்கு ஒரு நாளைக்கு 20 நிமிடம். போனில் டைமர் வையுங்கள். முதல் பத்து நிமிடம் ஒருவர் பேச மற்றவர் கேட்பது, அடுத்த பத்து நிமிடம் மாறிக்கொள்வது. மணி அடித்ததும் அந்த விஷயம் மறுநாள் வரை மூடப்படும். சிரிப்பாகத் தோன்றும். ஆனால் இப்படி ஒரு எல்லை இல்லாத வீட்டில், ஒருவருக்கு நாள் முழுக்க இதே பேச்சு வேண்டும், இன்னொருவர் அதிலிருந்து தப்பிக்க எட்டு மணி வரை கடைத்தெருவில் நிற்பார். பேசுகிறவருக்கு "இவருக்குக் கவலையே இல்லை" என்று தோன்றும், பேசாதவருக்கு "என்ன சொன்னாலும் தப்பு" என்று தோன்றும். இருவருக்கும் இருப்பது ஒரே துக்கம்.

தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டில் இது முடியாது. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் பாட்டியின் இருமல்கூடக் கேட்கும். கூட்டுக் குடும்பத்திலும் அதே கதைதான். வெளியே நடந்து பேசுங்கள். மாலை ஐந்துக்குக் கிளம்பி, தார் ரோட்டோடு போய், இருட்டும் முன் திரும்பிவிட வேண்டும். தேயிலைக்குள் ஒற்றையடிப் பாதை வேண்டாம், காட்டெருமையும் கரடியும் வெளியே வரும் நேரம் அது.

கேட்கும்போது சில சொற்களைத் தவிருங்கள். "பரவாயில்ல, அடுத்த மாசம் பார்க்கலாம்" என்பது சொல்பவருக்கு ஆறுதல், கேட்பவருக்கு வாயடைப்பு. "இன்னிக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கா? பக்கத்துல உக்காரட்டுமா, தனியா விடட்டுமா?" என்று கேட்டுவிட்டு, சொன்னபடி செய்தால் போதும்.

படுக்கையைப் பற்றி. "12-ஆம் நாள், 14-ஆம் நாள் சேர்ந்திருங்க" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தவுடன் அது ஓவர்டைம் வேலை மாதிரி ஆகிவிடும். ஆணுக்கு விறைப்பு வராமல் போவதும், பெண்ணுக்கு வலிப்பதும் இந்தக் கட்டத்தில் சாதாரணம். மாதம் முழுக்க இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்திருந்தாலே அந்த நாட்களும் அதற்குள் அடங்கிவிடும், காலண்டர் பார்க்க வேண்டியதில்லை. ஐயூஐ, ஐவிஎஃப் நடக்கும் மாதத்தில் டாக்டர் சொல்வதே கணக்கு. சிகிச்சை இல்லாத மாதத்தில் ஒரு வாரமாவது குழந்தை நினைப்பே இல்லாத நெருக்கத்துக்கு ஒதுக்குங்கள். விறைப்புச் சிக்கல் தொடர்ந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், மாத்திரை உண்டு. கடையில் தாமாக வாங்கக் கூடாது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவருக்கு அது உயிருக்கே ஆபத்து.

பதினான்கு நாள்

ஐயூஐ முடிந்து ரத்தப் பரிசோதனை வரை சுமார் இரண்டு வாரம். சிகிச்சையிலேயே கொடுமையான பகுதி இதுதான், ஏனென்றால் செய்வதற்கு ஒன்றும் இல்லை. மார்பு கனப்பது, வயிறு உப்புவது, தூக்கம் சொக்குவது எல்லாம் கர்ப்பத்தின் அறிகுறி. டாக்டர் கொடுத்த புரோஜெஸ்டிரோன் மருந்தின் விளைவும் அதேதான். அந்த மருந்தால் மாதவிடாய் தள்ளிப்போவதும் உண்டு. உடம்பைக் கவனித்து எதையும் கண்டுபிடிக்க முடியாது என்பதை முதல் நாளே ஒப்புக்கொள்ளுங்கள்.

வீட்டுச் சோதனைப் பட்டையை வாங்கி வைக்காதீர்கள். டிரிகர் ஊசியில் பெரும்பாலும் இருப்பது கர்ப்ப ஹார்மோனேதான். அது உடம்பை விட்டுப் போக 10 முதல் 14 நாள் ஆகலாம். எட்டாம் நாள் இரண்டு கோடு தெரியும், பதினைந்தாம் நாள் ரத்தப் பரிசோதனையில் இல்லை என்று வரும். இல்லாத குழந்தைக்கு ஒரு வாரம் பெயர் யோசித்தவர்களின் துக்கம் இரட்டிப்பு.

ரிசல்ட் எப்படி வர வேண்டும் என்பதையும் நீங்களே தீர்மானிக்கலாம். ஆய்வகத்தில் ஒரே ஒரு போன் எண்ணைக் கொடுத்து, மாலை ஆறு மணிக்கு மேல் அனுப்பச் சொல்லுங்கள். காலையில் ரத்தம் கொடுத்துவிட்டு பஸ்ஸில் ஏறியவர்களுக்கு, பர்லியாறு பக்கத்தில் டவர் போய்த் திரும்ப வந்ததும் வாட்ஸ்அப்பில் 'நெகட்டிவ்' என்று விழும். சுற்றிலும் ஐம்பது பேர், ஜன்னலோரத்தில் வாந்தி எடுக்கும் குழந்தை, அழக்கூட இடம் இருக்காது.

அந்த மாலைக்கு ஏற்பாடு இது. மறுநாள் விடுப்பு முன்பே சொல்லியிருக்க வேண்டும். இரவுச் சாப்பாட்டை யாரும் சமைக்க வேண்டாம், கடையில் வாங்குங்கள். தெரிந்த அந்த இரண்டு பேருக்கு கணவர் ஒரே ஒரு மெசேஜ் அனுப்ப வேண்டும்: "இந்த முறை இல்லை. நாலு நாள் கழிச்சு நாங்களே பேசறோம்." அடுத்து என்ன என்ற பேச்சு ஒரு வாரத்துக்குக் கிடையாது.

எவ்வளவு வரை

முதல் சுழற்சி தொடங்கும் முன்பே மூன்று எண்களை எழுதுங்கள்: எத்தனை சுழற்சி, எவ்வளவு பணம், எந்த வயது வரை. ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று மனசு சொல்லும், அப்போது இந்தத் தாள் பேசட்டும். மாற்றிக்கொள்ளலாம், ஆனால் தோல்விக்குப் பிறகு ஒரு மாதமாவது கழித்து, இருவரும் சேர்ந்து. செலவுப் பட்டியலை ஊசி, ஸ்கேன், ஆய்வகம், கரு உறையவைப்பது, அதற்கு ஆண்டு வாடகை, கரு வைப்பது எனத் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். 'பேக்கேஜ்' என்ற சொல்லுக்குள் ஊசி விலை பல இடங்களில் அடங்குவதில்லை. 2021-ஆம் ஆண்டின் சட்டப்படி இந்தச் சிகிச்சை தரும் இடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பெண்ணுக்கு 21 முதல் 50, ஆணுக்கு 21 முதல் 55 என்று வயது வரம்பும் உண்டு. ஆலோசகரிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள், அது உங்கள் உரிமை.

தத்தெடுப்பதைத் தோல்விக்கு ஆறுதல் பரிசாக நினைக்க வேண்டாம். கடைசி நெகட்டிவ் வந்த வாரத்தில் பதிவு செய்வது அந்தக் குழந்தைக்கும் நியாயம் இல்லை. துக்கம் ஆறச் சில மாதம் விடுங்கள். அதேசமயம் வயதுக் கணக்கை மறக்கக் கூடாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தம்பதியின் வயதைக் கூட்டினால் 85-ஐத் தாண்டக் கூடாது. மணமாகி இரண்டு ஆண்டு ஆகியிருக்க வேண்டும், இருவர் சம்மதமும் வேண்டும். பதிவு மத்திய தத்தெடுப்பு ஆணையமான 'காரா'வின் இணையதளத்தில் மட்டும். காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீளும். "தெரிந்த ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தை இருக்கு" என்று வரும் தரகர் யாராக இருந்தாலும் அது சட்ட விரோதம்.

கரு நின்ற பிறகு

பலரும் நினைப்பது போல பயம் அன்றோடு போய்விடாது. ஆறு, ஏழு வாரத்தில் இதயத் துடிப்பு கேட்கும் வரை ஒரு பயம், மூன்று மாதம் முடியும் வரை இன்னொன்று. உறுதியான கர்ப்பங்களிலும் பத்தில் ஒன்று இரண்டு கலைவதுண்டு. பெரும்பாலும் கருவின் குரோமோசோம் குறைதான் காரணம். குடம் தூக்கியதும் படி ஏறியதும் காரணம் ஆகாது. கண் படும் என்று பயந்து கர்ப்பப் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். கிராம சுகாதாரச் செவிலியரிடம் 12 வாரத்துக்குள் பதிந்துவிடுங்கள், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் அந்தப் பதிவு வேண்டும்.

குழந்தை பிறந்த பின் வரும் மனச்சோர்வு, தவமிருந்து பெற்றவர்களையும் விடுவதில்லை. "இத்தனை வருஷம் ஏங்கிப் பெத்துட்டு இப்ப ஏன் அழறே?" என்று கேட்டுக் கேட்டே அவள் வாயை மூடிவிடுவார்கள். பிறந்து முதல் பத்து நாளைக்குள் காரணமில்லாமல் அழுகை வருவது வழக்கம். இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால், குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராவிட்டால், குழந்தை மேல் ஒட்டுதலே தோன்றாவிட்டால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அப்பாக்களுக்கும் இது வரும், அவர்களிடம் எரிச்சலாகவும் குடியாகவும் வெளிப்படும்.

இரவை இரண்டாகப் பிரியுங்கள்: 9 முதல் 2 வரை ஒருவர், 2 முதல் 7 வரை மற்றவர். பால் கொடுக்கும் நேரம் தவிர மற்றதெல்லாம் விழித்திருப்பவர் வேலை. அம்மாவுக்கு ஒரேயடியாக நான்கு மணி நேரத் தூக்கம் கிடைப்பது எந்தப் பத்தியச் சாப்பாட்டையும்விடப் பெரிது. பச்சைக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 10, 12 துணி மாற்ற வேண்டும். ஜூலை மழையில் குன்னூரில் ஒரு துணி காய மூன்று நாள் ஆகும். அப்படியானால் மூன்று டஜனுக்குக் குறைந்தால் போதாது, மேலும் ஒரு டஜன் இருந்தால் அழுகை குறையும், உங்கள் அழுகையையும் சேர்த்துத்தான். துணி காயவோ குளிருக்கோ கரி அடுப்பை மூடிய அறையில் வைக்கக் கூடாது. அதிலிருந்து வரும் நச்சுவாயுவுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போகும்.

சிகிச்சைக் காலமோ குழந்தை பிறந்த காலமோ, இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடு, தூக்கம், வேலை மூன்றும் கெட்டால், அல்லது செத்துப்போகலாம் என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும், 14416 என்ற அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். நேரில் பார்க்க வேண்டுமானால் ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். முதல் முறை போகும்போது மாத்திரைச் சீட்டுகளை எல்லாம் எடுத்துக்கொண்டு போங்கள். ஏற்கெனவே மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கரு நின்றது தெரிந்ததும் பயந்து அதைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. எதைத் தொடர்வது, எதை மாற்றுவது என்று அந்த டாக்டர்தான் சொல்ல வேண்டும்.